5-ஆம் எண் இடுக்கி: பெண் மரவட்டையின் வல்வாவை எடுக்கும் வேலைக்கு எப்படி?

ஆய்வகத்தில் ‘நம்பர் ஃபைவ் ஃபோர்செப்ஸ்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். கடிகாரம் பழுது பார்ப்பவர்களின் மேசையிலிருந்து விலங்கியல் மேசைக்கு வந்து சேர்ந்த இடுக்கி. ஏறத்தாழ 11 செ.மீ. நீளம், நேரான இரண்டு கைகள், ஊசியாக ஒடுங்கும் முனை. இதே எண்ணில் பல நிறுவனங்கள் செய்து விற்கின்றன. பூச்சியின் சிறகைப் பிடிக்க, மகரந்தப் பையைப் பிரிக்க என்று நூறு வேலைக்கு இது உதவும். இந்த மதிப்புரை ஒரே வேலையை வைத்து அதை எடைபோடுகிறது: பெண் மரவட்டையின் மூன்றாம் வளையத்துக்குள் ஒளிந்திருக்கும் வல்வாவை, அதாவது பெண்ணின் இனப்பெருக்க உறுப்பை, முழுதாக வெளியே எடுப்பது. கூடவே, உடலுக்குள் ஓடும் அண்ட நாளத்தையும் (முட்டை வரும் குழாய்) அண்டகத்தையும் (முட்டை உருவாகும் உறுப்பு) அறுந்துபோகாமல் பார்ப்பது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு 0.05 × 0.02 மி.மீ. நுண்முனை கொண்ட 5-ஆம் எண் இடுக்கி மிக நன்றாக உழைக்கும். 0.1 × 0.06 மி.மீ. சாதா முனை பெரிய இனங்களுக்கு மட்டும் போதும். ஒன்றை மட்டும் வாங்கி மரவட்டையின் கடின ஓட்டைப் பிளக்கவும் வல்வாவைப் பிடிக்கவும் அதையே பயன்படுத்தினால் முனை சீக்கிரமே வளைந்துவிடும். சாதா முனையில் ஒன்று, நுண்முனையில் இரண்டு என்று வாங்குவதுதான் சரியான கணக்கு.

ஏன் இவ்வளவு மெல்லிய முனை வேண்டும் என்பது, எதைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் புரியும். மரவட்டையின் தலைக்குப் பின்னால் வரும் முதல் வளையம் காலர் போன்றது, அதில் காலே கிடையாது. இரண்டு, மூன்று, நான்காம் வளையங்களில் ஆளுக்கொரு ஜோடிக் கால். ஐந்தாம் வளையத்திலிருந்துதான் வளையத்துக்கு இரண்டு ஜோடி. ஆகவே இரண்டாம் ஜோடிக் கால் இருப்பது மூன்றாம் வளையத்தில். இனப்பெருக்கத் துளை அந்தக் கால்களுக்குச் சற்றுப் பின்னால்தான் திறக்கிறது. பூரானுக்கும் பூச்சிகளுக்கும் அது உடலின் கடைசியில் இருக்கும். மரவட்டைக்குத் தலைக்கு அருகிலேயே. முதன்முறை செய்பவர்கள் வால்பக்கம் தேடி நேரத்தை வீணாக்குவது இதனால்தான்.

அறுக்கும் முன் அது பெண்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உருளை உடலோ தட்டை முதுகோ கொண்டவற்றில் ஏழாம் வளையத்தைப் பாருங்கள். நடக்கும் கால்கள் இரண்டு ஜோடியும் அங்கே ஒழுங்காக இருந்தால் அது பெண், அல்லது வளர்ச்சி முடியாத குட்டி. உருளை உடலுள்ள ஜூலிடா வகை ஆண்களில் அந்த இடத்துக் கால்கள் விந்தைக் கடத்தும் கோனோபோடுகளாக மாறியிருக்கும். தட்டை முதுகுள்ள பாலிடெஸ்மிடாக்களில் அந்த வளையத்தின் முன் ஜோடி மட்டும் மாறியிருக்கும். முதிராத பெண்ணை அறுத்தால் நிறமில்லாத, மென்மையான, தூவி (விறைத்த நுண்மயிர்) முளைக்காத இரண்டு மொட்டுகள்தான் கிடைக்கும். அதை வைத்து இனத்தை முடிவு செய்ய முடியாது, இடுக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

வல்வா என்பது ஜோடி உறுப்பு. இடம் ஒன்று, வலம் ஒன்று, கண்ணாடிப் பிம்பம் போல. ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வுப் பையினுள் உள்ளிழுக்கப்பட்டுக் கிடக்கும். இணையும்போதும் முட்டையிடும்போதும் வெளியே பிதுங்கி வரும், பிறகு தசைகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜூலிடாக்களில் ஒரு வல்வாவை நுண்ணோக்கியில் 40 மடங்கில் பார்த்தால் மூன்று கெட்டியான பகுதிகள் தெரியும். முன்பக்கம், அதாவது இரண்டாம் காலைப் பார்த்தபடி, ஒரு மூடி. அதற்குப் பின்னால் பர்சா எனப்படும் பகுதி. அது உட்பக்க மடல், வெளிப்பக்க மடல் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். மடல்களுக்கு நடுவே ஒரு பிளவு. சிப்பியை லேசாகத் திறந்து செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் ஒரு தகட்டைச் சாய்த்து வைத்ததுபோல் தோற்றம். மூடியின் ஓரத்திலும் மடல்களின் மேலும் விறைத்த தூவிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் எண்ணிக்கையும் இருக்கும் இடமும் இனத்துக்கு இனம் மாறும்.

பிளவுக்குள் போனால் ஒரு குழாய், குழாயின் முடிவில் ஆம்புல்லா என்கிற சிறு பை. அதுதான் விந்து கொள்பை. ஆண் கொண்டுவந்து வைக்கும் விந்து அங்கே தங்கி, முட்டை வெளியேறும் நேரத்தில் பயன்படும். இந்தக் குழாயும் ஆம்புல்லாவும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வொரு விதம்: நேராக, வளைந்து, சுருண்டு, ஒன்றுக்கு இரண்டாக. 1919-லேயே புரோலெமானும் லிக்டென்ஷ்டைனும் மரவட்டைகளின் வல்வாக்களை வரிசை வரிசையாக ஒப்பிட்டு விரிவாக எழுதிவிட்டார்கள். ஆனாலும் இன்றுவரை மரவட்டை வகைப்பாடு பெரும்பாலும் ஆணின் கோனோபோடை நம்பியே நடக்கிறது. பெண்கள் ‘இனம் தெரியவில்லை’ என்ற சீட்டோடு குப்பியிலேயே கிடக்கிறார்கள். வல்வாவைச் சேதமின்றி எடுக்கக் கை பழகினால் அந்தக் குப்பிகளில் பலவற்றைத் திறந்து படிக்கலாம். இந்தக் கருவியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

இனி இடுக்கியைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். மரவட்டையின் ஓட்டில், பூச்சிகளின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருளோடு கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்திருக்கிறது. பூச்சியின் ஓடு வளையும், இது நொறுங்கும். வளையத்தின் விளிம்பை நுண்முனையால் நெம்பினால் ஓடு உடைவதற்குள் முனை கொக்கிபோல் வளைந்துவிடும். வளைவு கண்ணுக்குத் தெரியாது. அடுத்த முறை சவ்வில் முனை சிக்கி இழுபடும்போதுதான் தெரியும். அதற்குள் ஒரு வல்வா போயிருக்கும். அதனால் பிளப்பதும் பிரிப்பதும் சாதா முனைக்கும் சிறு கத்தரிக்கும் உரிய வேலை. நுண்முனை, மூன்றாம் வளையம் திறந்த பிறகுதான் உறையைவிட்டு வெளியே வர வேண்டும்.

வாங்கியதும் முதலில் முனையைச் சோதியுங்கள். இடுக்கியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, 40 மடங்கில் பார்த்தபடி மெதுவாக மூடுங்கள். இரண்டு முனைகளும் நுனியில் முதலில் தொட வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தொடுதல் நுனியிலிருந்து பின்னோக்கி 2 அல்லது 3 மி.மீ. வரை பரவ வேண்டும். நுனியில் இடைவெளி விட்டு நடுவில் முதலில் தொட்டால் அந்த இடுக்கி வல்வாவைப் பிடிக்காது, நழுவவிடும். நுனிகள் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே போனாலும் அதே கதை. பஞ்சிலிருந்து ஒரே ஒரு இழையை ஈரமான கண்ணாடியில் போட்டு எடுத்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து முறையும் இழை முனையோடு வர வேண்டும். வராவிட்டால் திருப்பிக் கொடுப்பது நல்லது. புதிதாக வாங்கும் இடுக்கிகளிலும் இந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. உறையில் அச்சிட்ட அளவை மட்டும் நம்பக் கூடாது.

இடுக்கியின் கைகள் எவ்வளவு விறைப்பு என்பதும் முக்கியம். அதிகம் விறைத்திருந்தால் அரை மணி நேரத்தில் கட்டைவிரல் களைத்து நடுங்கத் தொடங்கும். அதிகம் தளர்ந்திருந்தால் வேறொரு தொல்லை: பலமாக அழுத்தும்போது கைகள் நடுவில் வளைந்து, நுனி தானாகவே விரியும். இறுக்கிப் பிடிக்கிறோம் என்று நினைக்கும் அதே நொடியில் பிடி விட்டுப்போகும். நுண்முனை இடுக்கியில் இது இயல்பான குணம், குறையென்று சொல்ல முடியாது. இறகைப் பிடிப்பது போன்ற அழுத்தமே போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் சவ்வு இன்னும் அறுபடவில்லை என்று பொருள். அழுத்தத்தைக் கூட்டாமல் சவ்வைப் பாருங்கள்.

உருளை உடல் கொண்ட மரவட்டையில் வேலை நடக்கும் வரிசை இது. மாதிரி 70 சதவீத எத்தனாலில் இருக்க வேண்டும். 95 சதவீதத்தில் நெடுநாள் கிடந்தது விறைத்து, தொட்டாலே ஒடியும். அதைச் சில துளி கிளிசரின் சேர்த்த 70 சதவீத எத்தனாலில் ஓர் இரவு ஊறவைத்தால் ஓரளவு இளகும். பெட்ரி தட்டின் அடியில் கருப்பு மெழுகு அல்லது சிலிகோன் வார்த்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணாடித் தட்டில் முனை ஒருமுறை அடியில் பட்டாலே மழுங்கும். வல்வா வெளிர் பழுப்பு நிறம் என்பதால் கருப்புப் பின்னணியில் பளிச்சென்று தெரியும் என்பது கூடுதல் லாபம். உறுப்பு முழுதாக எத்தனாலில் மூழ்கியிருக்கட்டும். பாதி வெளியே நின்றால் திரவ மேற்பரப்பின் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்து, எது சவ்வு, எது ஓடு என்று தெரியாமல் போகும்.

நான்காம் வளையத்துக்கும் ஐந்தாம் வளையத்துக்கும் இடையே உள்ள சவ்வைக் கத்தரித்து முன்பகுதியைத் தனியே எடுங்கள். அதை மல்லாக்க வைத்து, இரண்டு பக்கமும் மினுட்டன் என்னும் மிக மெல்லிய ஊசியால் நிறுத்துங்கள். சாதா முனையால் முதல் ஜோடிக் காலை முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டால் இரண்டாம் ஜோடி தெரியும். அதன் அடிக்கணுவுக்குப் பின்னால் இரண்டு சிறு புடைப்புகள். இரண்டாம் ஜோடிக் காலை அடித்தகட்டோடு சேர்த்து மெதுவாக முன்பக்கமாகக் கழற்றினால் வழி திறக்கும். இப்போது நுண்முனை.

முனையை மூடியபடியே, வல்வாவுக்கும் உடல் சுவருக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் இறக்குங்கள். மெல்லத் திறங்கள், சவ்வு விரிந்து கண்ணாடி போல் மினுங்கும். மூடி, சிறிது நகர்ந்து, மறுபடி திறங்கள். இப்படியே வல்வாவைச் சுற்றிவந்தால் பையின் சவ்வு ஓரமெங்கும் விடுபடும். இன்னும் பிடித்திருப்பது அடியில் உள்ள தசைக்கற்றைகளும் அண்ட நாளமும் மட்டுமே. பிடி எப்போதும் அந்த அடிப்பகுதியில்தான் விழ வேண்டும். மடலின் உச்சியைப் பிடித்து இழுத்தால் இரண்டு தவறு ஒரே நேரத்தில் நடக்கும்: தூவிகள் உதிரும், மூடி பர்சாவிலிருந்து பிய்ந்து தனியே வரும். பிய்ந்த மூடியை வைத்து எந்தப் பக்கம் எது என்று பிறகு ஊகிக்கத்தான் முடியும்.

இரண்டு இடுக்கி வேண்டும் என்று சொன்னதன் பயன் இங்கேதான் தெரியும். இடக்கை இடுக்கி உடல் சுவரை அசையாமல் பிடிக்கும், வலக்கை இடுக்கி தசையை அறுக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு செய்தால் வளையம் முழுவதும் சேர்ந்து வரும்.

எடுத்தாயிற்று. பாதிப் பேருக்கு வல்வா தொலைவது இதற்குப் பிறகுதான். இடுக்கியை எத்தனாலிலிருந்து வெளியே தூக்கும்போது அதன் இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு துளி திரவம் ஏறிக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் அளவே உள்ள வல்வா அந்தத் துளியோடு சேர்ந்து மேலே நகர்ந்து கைகளின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடில் இருக்கும் என்று கவர் ஸ்லிப்பை மூடிவிட்டுத் தேடுவார்கள். அது இடுக்கியிலேயே காய்ந்துகொண்டிருக்கும். இன்னொரு விபத்து, கடினமான மடலை நுனியின் சரிவில் பிடித்தால் ஈரச் சோப்பு போலத் துள்ளிப் பறப்பது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பிடித்தபடி காற்றில் தூக்க வேண்டாம். குழி ஸ்லைடை அதே தட்டுக்குள் எத்தனாலுக்கு அடியில் வைத்து, வல்வாவை திரவத்துக்குள்ளேயே நகர்த்திக் குழியில் விடுங்கள். அல்லது முனையைக் கிளிசரின் துளிக்குள் முழுதாக ஆழ்த்தி, உள்ளே வைத்துத் திறங்கள். வெளியே எடுத்த முனையை உடனே நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

தெளிய வைப்பதற்கு இரண்டு வழி. லாக்டிக் அமிலத்தில் போட்டு லேசாகச் சூடுகாட்டினால் திசு ஒளி ஊடுருவும்படி ஆகும். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் கரைந்து கரியமில வாயு குமிழ்களாக வரும். ஆம்புல்லாவுக்குள் சிக்கிய குமிழ் கீழிருந்து வரும் ஒளியில் கரிய உருண்டையாகத் தெரிந்து, விந்துத் திரள் என்று ஏமாற்றும். மூடிய முனையால் பர்சாவின் அடியை ஒருமுறை மெல்ல அழுத்திவிட்டால் குமிழ் வெளியேறும். இந்த வேலையில் நுண்முனை ஊசியைவிட நன்றாக நடந்துகொள்கிறது. அழுத்தம் கைக்குத் தெரிகிறது. இரண்டாவது வழி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தசையைக் கரைத்துக் கைட்டின் சுவரை மட்டும் விடும். சில மணி நேரம் போதும். மணிக்கொருமுறை எட்டிப் பாருங்கள். மறந்துபோய் விட்டுவிட்டால் ஆம்புல்லாவின் சுவர் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெளிறிவிடும். அப்போது குளோரசோல் பிளாக் சாயம் சிறிது ஏற்றினால் மீட்கலாம். ஆம்புல்லாவில் விந்து இருக்கிறதா என்று பார்ப்பதே நோக்கமென்றால் ஹைட்ராக்சைடு பக்கமே போகக் கூடாது, அது விந்தையும் அழித்துவிடும்.

அண்டகம் வேறு வகையான வேலை. மரவட்டைக்கு அண்டகம் ஒற்றைக் குழாய். மேலே குடல், கீழே நரம்பு நாண், நடுவே அது. உடலின் பெரும்பகுதி நீளத்துக்கு ஓடும். உள்ளே பல அளவில் முட்டைகள், முதிர்ந்தவை பாலாடை நிறத்து மணிகள்போல். முன்னே வந்ததும் குழாய் இரண்டு அண்ட நாளங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் பக்கத்து வல்வாவின் அடிக்குப் போய்ச் சேரும். வயிற்றுப்பக்கம் திறந்தால் கால்களும் நரம்பு நாணும் குறுக்கே நிற்கும் என்பதால் முதுகுப்பக்கம்தான் திறக்க வேண்டும். இரண்டு ஓரமும் கத்தரியால் வெட்டி முதுகோட்டைத் தூக்கினால் இதயக்குழாய், கொழுப்புத் திசு, பிறகு தடித்த குடல் வரும். குடலைப் பின்பக்கம் அறுத்து, முன்னோக்கிச் சுருட்டியபடி தூக்குங்கள். அடியில் அண்டகம் கிடக்கும்.

இங்கே நுண்முனை இடுக்கிக்கு மதிப்பெண் குறைகிறது. அண்டகச் சுவர் ஈரமான மெல்லிய தாளைப் போன்றது, 0.02 மி.மீ. தடிமன் முனை அதைக் கத்திபோல் அறுத்துவிடும். சுவரைப் பிடிக்காமல், முனையை மூடி அதன் பக்கவாட்டால் தாங்கித் தூக்குவதே ஒரே வழி. எத்தனாலில் கெட்டியான முட்டைகள் சுண்ணாம்புபோல் பொடிந்து தட்டு முழுவதையும் வெள்ளையாக்கும். பொடிந்தால் எத்தனாலை மாற்றிவிட்டுத் தொடருங்கள், கலங்கலில் நாளத்தைத் தேடினால் அறுத்துவிடுவீர்கள். குடலின் நடுப்பகுதியும் பின்பகுதியும் சேரும் இடத்திலிருந்து கழிவை வெளியேற்றும் இரண்டு மால்பீஜியன் குழல்கள் நீளமாக ஓடும். வெளிறிய நூல்போல் இருப்பதால் பலர் அவற்றை அண்ட நாளம் என்று குறித்துவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் நூலைத் தொடர்ந்து போங்கள். குடலில் முடிந்தால் மால்பீஜியன், வல்வாவில் முடிந்தால் அண்ட நாளம். தொடரும் திசையும் முக்கியம்: வல்வாவிலிருந்து பின்னோக்கி வந்தால் நாளம் அறுபடும் வாய்ப்பு அதிகம், அண்டகத்திலிருந்து முன்னோக்கிப் போனால் குறைவு.

எந்த மரவட்டை என்பதைப் பொறுத்தும் இடுக்கியின் தீர்ப்பு மாறும். பருத்த ஸ்பைரோஸ்ட்ரெப்டிடா, ஸ்பைரோபோலிடா வகைகளுக்குச் சாதா முனையே தாராளம். வல்வா கண்ணால் பார்க்கும் அளவுக்கு இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் ஜூலிடாவுக்கு நுண்முனை இல்லாமல் முடியாது. பாலிடெஸ்மிடாக்களில் மூன்றாம் வளையத்தின் அடியில் வல்வாவுக்கென்று ஒரு திறப்பு இருப்பதால் வளையத்தைப் பிளக்காமலே எடுத்துவிடலாம். ஆனால் திறப்பின் பின்விளிம்பில் எபிகைன் என்னும் மேடு இருக்கும், அதன் வடிவமும் இனத்தைச் சொல்லும் அடையாளம். அவசரத்தில் முனை அதில் இடித்து விளிம்பு உடைந்தால் வல்வா கிடைத்தும் பாதி தகவல் போய்விடும். முன்பக்கமாக இறக்கி முன்பக்கமாகவே தூக்குங்கள். பந்தாகச் சுருளும் குளோமெரிடா, ஸ்பீரோதெரிடா வகைகளில் வல்வா இரண்டாம் காலின் அடிக்கணுவோடு ஒட்டி இருக்கிறது. காலையே கழற்றினால் வல்வாவும் கூட வரும், பிரிக்க முயலவே வேண்டாம். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, தூரிகை போன்ற மயிர் கொண்ட பாலிக்ஸெனிடாவுக்கு எந்த இடுக்கியும் உதவாது. அதன் ஓட்டில் கால்சியமும் இல்லை, உடல் அவ்வளவு மென்மை. முழு உடலையும் தெளியவைத்து ஸ்லைடாக்கிப் பார்ப்பதே சரி.

உலோகத்தைப் பற்றி. இந்த இடுக்கிகள் பொதுவாகத் துருப்பிடிக்காத எஃகு, காந்தம் ஏறாத எஃகுக் கலவை, டைட்டானியம் என மூன்று வகையில் வருகின்றன. முதல் வகை எஃகு விறைப்பாகவும் கூராகவும் இருக்கும். ஆனால் காந்தம் ஏறினால் மினுட்டன் ஊசிகள் முனையில் ஒட்டிக்கொண்டு வேலையே ஓடாது. லாக்டிக் அமிலம் பட்டு அப்படியே காய்ந்தால் முனையில் நுண்ணிய குழிகள் விழும், அந்தக் குழிகளில் சவ்வு சிக்கும். காந்தம் ஏறாத கலவைக்கு இந்த இரண்டு தொல்லையும் குறைவு. ஊசியும் அமிலமும் சேர்ந்து வரும் இந்த வேலைக்கு அதையே பரிந்துரைக்கலாம். டைட்டானியம் அமிலத்தைத் தாங்கும், எடையும் குறைவு. ஆனால் உலோகம் மென்மையானது. கால்சியம் ஏறிய ஓட்டின் விளிம்பில் ஒருமுறை உரசினாலே நுனி மடங்குகிறது. மரவட்டைக்கு அது வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, பிறகு எத்தனாலில் தோய்த்து, இழை உதிராத தாளில் பின்னிருந்து நுனி நோக்கித் துடையுங்கள். எதிர்த் திசையில் துடைத்தால் இழை சிக்கி முனை வளையும். உருளை மரவட்டைகளின் பக்கச் சுரப்பிகளிலிருந்து வரும் பென்சோகுவினோன் எத்தனாலைப் பழுப்பாக்கி, முனையில் பிசுக்காகப் படியும்; விரலிலும் கறை ஏறும். கையுறை அணிவது நல்லது. பாலிடெஸ்மிடாக்கள் ஹைட்ரஜன் சயனைடை வெளியிடுபவை. அப்போதுதான் கொன்ற மாதிரிகள் பலவற்றை மூடிய அறையில் வரிசையாகத் திறக்காதீர்கள்.

நுனி சற்று வளைந்தால் மீட்க வழி உண்டு. 2000 எண் நுண் உப்புத்தாளை ஈரமாக்கி, இடுக்கியை லேசாக மூடி, வெளிப்பக்கங்களை மட்டும் நுனி நோக்கிச் சில முறை இழுங்கள். ஐந்து இழுப்புக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள். உட்பக்கத்தைத் தேய்த்தால் இரண்டு தளமும் மறுபடி ஒன்று சேராது, இடுக்கி அதோடு முடிந்தது. உறை போடுவதும் கவனமாக இருக்க வேண்டிய இடம்தான். குறுகிய பிளாஸ்டிக் உறை நுனியில் உரசியபடி ஏறும். உள்விட்டம் அகலமான மென்மையான சிலிகோன் குழாய்த் துண்டு மேல்.

5-ஐவிட ஒல்லியான 55-ஆம் எண் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆம்புல்லாவைப் பர்சாவிலிருந்து பிரிப்பதற்கு அது 5-ஐவிட மேல். ஆனால் தசைக்கற்றையை இழுக்கும்போது அதன் மெல்லிய கைகள் வளைந்து பிடியை விடுகின்றன. முதல் இடுக்கியாக அதை வாங்க வேண்டாம். வளைந்த முனையுள்ள 7-ஆம் எண், இரண்டாம் காலைக் கழற்றாமல் அதன் அடியில் நுழைந்து சவ்வை விடுவிக்க உதவும். காலும் சேதமின்றி இருக்க வேண்டிய அரிய மாதிரிகளுக்கு அது தேவைப்படும்.

எடுத்த வல்வாவைத் தனி மைக்ரோ குப்பியில் கிளிசரினோடு இட்டு, எந்தப் பக்கத்துடையது என்று பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே போட்டு, அந்தச் சிறு குப்பியை உடல் இருக்கும் அதே பெரிய குப்பிக்குள் வையுங்கள். ஒரு பக்கத்து வல்வாவை மட்டும் எடுத்து, மறுபக்கத்தை அதன் இடத்திலேயே விட்டுவைத்தால் பிறகு வருபவர் உங்கள் வரைபடத்தை உடலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும்.